திரையில் தெரியும் பச்சை

இந்த எபிசோட் ஒரு சாயத்தோட வரலாறு. பேரு இண்டோசயனின் கிரீன், சுருக்கமா ஐசிஜி.

முதல்ல பிரச்சனை என்னன்னு பார்ப்போம். பெருங்குடல்ல புற்றுநோய்னா அந்தப் பகுதியை வெட்டி எடுத்துட்டு, மிச்சமிருக்கிற ரெண்டு முனையையும் இணைப்பாங்க. அந்த இடத்துக்கு ரத்தம் சரியா வரலேன்னா இணைப்பு ஆறாம கசியலாம். மலம் வயித்துக்குள்ள பரவினா உயிருக்கே ஆபத்து. ரத்தம் வருதான்னு கண்டுபிடிக்க ரொம்ப காலம் இருந்த கருவி சர்ஜனோட கண்ணும் கையும்தான். குடல் நிறம் நல்லா இருக்கா, வெட்டின ஓரத்துல ரத்தம் வருதா, நாடி துடிக்குதா? ஆனா 2009-ல் வந்த ஒரு ஆய்வு, கசிவைப் பத்தின சர்ஜன்களோட கணிப்பை அவ்வளவா நம்ப முடியாதுன்னு காட்டுச்சு.

இப்போ சாயத்துக்கு வருவோம். 1950-களில் கோடாக் ஆய்வகத்தில் போட்டோகிராபிக்காக உருவானது இது. 1957-ல் மேயோ கிளினிக்கில் இர்வின் ஃபாக்ஸ், இதயம் எவ்வளவு ரத்தம் பம்ப் பண்ணுதுன்னு அளக்க இதைப் பயன்படுத்தினார். காரணம் அழகானது. இந்தச் சாயம் ஒளியை அதிகமா உறிஞ்சுறது சுமார் 800 நானோமீட்டர்ல. அந்த இடத்துல ஆக்சிஜன் உள்ள ரத்தமும் இல்லாத ரத்தமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி உறிஞ்சும். அதனால ஆக்சிஜன் ஏறி இறங்கினாலும் அளவீடு குழம்பாது. 1959-லேயே அமெரிக்காவில் அனுமதி கிடைச்சது.

இதுக்கு இன்னொரு குணமும் உண்டு. அகச்சிவப்பு ஒளி பட்டா திருப்பி ஒளிரும், ஆனா நம்ம கண்ணுக்குத் தெரியாது. சின்ன கேமராக்கள் வந்த பிறகுதான் ஆபரேஷன் தியேட்டரில் இது பயன்பட்டுச்சு. நரம்பில் ஊசி போட்டா, ஒரு நிமிஷம் சொச்சத்துல ரத்தம் வர்ற குடல் ஒளிரும். இருட்டா இருக்கிற பகுதியை விட்டுத் தள்ளி வெட்டுவாங்க. திரையில் தெரியற பச்சை பெரும்பாலும் சாஃப்ட்வேர் பூசின நிறம். கோடு எழுதுற எனக்கு இதுல பிடிச்ச விஷயமே அதுதான்.

சரி, கசிவு குறைஞ்சதா? 2015-ல் அமெரிக்காவில் 139 பேரிடம் நடந்த ஆய்வில் கசிவு 1.4 சதவீதம்தான். ஆனா ஒப்பிட வேற குழு இல்ல. ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 2021-ல் வந்தது: கேமராவோட 9.0, இல்லாம 9.6. பெரிய வித்தியாசம் இல்ல. 2023-ல் ஜப்பான்ல 7.6-க்கு 11.8, தெளிவான பலன். அடுத்த வருஷம் நெதர்லாந்து ஆய்வில் மறுபடி உறுதியான வித்தியாசம் இல்ல.

ஏன் இப்படி? கேமரா எவ்வளவு தூரத்துல இருக்கு, எவ்வளவு மருந்து போட்டாங்க, எத்தனை வினாடி கழிச்சுப் பார்த்தாங்கன்னு எல்லாமே பிரகாசத்தை மாத்தும். 'இவ்வளவு பச்சை போதும்'னு எல்லாரும் ஒத்துக்கிட்ட எண் இன்னும் கிடையாது. அதோட, கசிவுக்கு ரத்த ஓட்டம் மட்டுமே காரணமும் இல்ல. கேமரா ஒரு தகவலைக் கொடுக்குது. எங்க வெட்டணும்னு முடிவெடுக்கிறது இன்னும் சர்ஜன்தான்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.