ஒத்தேல் என்றால் சாப்பாடு இல்லை

நம் ஊரில் ஓட்டல் என்றால் இட்லி, காப்பி. படுக்க இடம் வேண்டுமென்றால் லாட்ஜ். பிரெஞ்சில் ‘ஒத்தேல்’ என்ற சொல்லுக்குப் பெரிய மாளிகை, பொதுக் கட்டடம் என்ற பொருளும் உண்டு. பாரீசில் நோத்ர்-தாம் பக்கத்தில் இருக்கும் ‘ஒத்தேல்-தியே’ ஒரு மருத்துவமனை. ‘ஒத்தேல் தே-சேன்வாலித்’ என்பது பதினான்காம் லூயி 1670-இல் ஊனமுற்ற சிப்பாய்களுக்காக ஏற்படுத்தியது. ‘ஒத்தேல் தெ வில்’ நகரமன்றம். நம் கடற்கரைச் சாலையில் 2014 மழையில் இடிந்து விழுந்து, பிறகு பழைய சாயலிலேயே எழுந்து நிற்கும் மேரி கட்டடத்தையும் அந்தப் பெயரால் அழைத்தது உண்டு. ஆகவே பாரீஸ் வரைபடத்தில் ‘ஒத்தேல் தெ வில்’ என்று பார்த்துவிட்டு அங்கே அறை கேட்டுப் போகாதீர்கள். அங்கே மேயர்தான் இருப்பார்.

இந்தத் தளத்தைப் படிக்கும் நண்பர்கள் சிலர், பிள்ளைகளைப் பார்க்க ஐரோப்பா போகும் வழியில் பாரீசில் இரண்டு மூன்று நாள் தங்குகிறார்கள். சின்ன ஓட்டலை எப்படிப் பார்ப்பது என்று என்னிடம் கேட்கிறார்கள். பணம், படம், விமர்சனம் எல்லாவற்றையும் பிள்ளைகளே போனில் பார்த்துவிடுவார்கள். அந்த ஓட்டல்கள் ஏன் அப்படி இருக்கின்றன என்பது போனில் வராது.

பாரீசில் ஓட்டல்கள் பெருகியதற்கு உலகக் கண்காட்சிகளும் ரயிலும் பெரிய காரணங்கள். 1855, 1867, 1878, 1889, 1900 என்று ஐந்து கண்காட்சிகள். ஈஃபில் கோபுரம் 1889 கண்காட்சிக்காக வந்தது. 1900-இல் ஏறத்தாழ 5 கோடிப் பேர் வந்தார்கள். மெட்ரோவும் அந்த ஆண்டுதான் ஓடத் தொடங்கியது. பணக்காரர்களுக்கு 1855-இல் லூவ்ர் பக்கத்திலும் 1862-இல் ஒப்பேரா பக்கத்திலும் மாபெரும் ஓட்டல்கள் திறந்தார்கள். மற்றவர்கள் ரயிலை விட்டு இறங்கிய இடத்திலேயே அறை தேடினார்கள். வடக்கு ரயில் நிலையம், கிழக்கு ரயில் நிலையம், சேன்-லசார் இவற்றைச் சுற்றிய தெருக்களில் இன்றும் வரிசையாகச் சின்ன ஓட்டல்கள் இருப்பது அதனால்தான்.

நம் வயதுக்கு நான் வடக்கு ரயில் நிலையப் பக்கத்தையே சொல்வேன். அழகான இடம் அல்ல, இரவில் சத்தமும் உண்டு. ஆனால் விமான நிலையத்திலிருந்து ஒரே ரயிலில் வந்து இறங்கலாம். அங்கிருந்து நான்காம் எண் மெட்ரோ நேராக நோத்ர்-தாம் தீவுக்குப் போகிறது. சில நிமிடம் நடந்தால் லா ஷப்பேல். ஈழத் தமிழர்களின் கடைகள், தோசை, சோறு, கறிவேப்பிலை எல்லாம் உண்டு. மூன்றாம் நாள் ரொட்டி வெறுத்துப்போகும்போது இதன் அருமை தெரியும். எங்கே தங்கினாலும் மெட்ரோவில் படிக்கட்டுகள் அதிகம், பெட்டியைச் சிறியதாக வையுங்கள்.

பெட்டி சிறியதாக இருக்க அறையும் ஒரு காரணம். அரசாங்கக் கணக்கில் ஒரு நட்சத்திர ஓட்டலில் இருவர் அறை 9 சதுர மீட்டர் இருந்தால் போதும், குளியலறை தனி. நம் கணக்கில் 97 சதுர அடி. ஐந்து நட்சத்திரத்துக்கு 24 சதுர மீட்டர் வேண்டும். சின்ன ஓட்டல்கள் பல, லிஃப்ட் இல்லாத காலத்து வீடுகள். அப்போது வசதியானவர்கள் கீழ் மாடிகளில் இருந்தார்கள், ஏழைகளும் வேலைக்காரிகளும் கூரைக்குக் கீழே. லிஃப்ட் வந்ததும் இது தலைகீழாகிவிட்டது, இப்போது மேல் மாடிக்கு விலை கூடுதல். மாடிப்படி சுற்றும் இடைவெளியிலோ ஒரு மூலையிலோ லிஃப்டைச் செருகியிருப்பார்கள். ஓர் ஆளும் ஒரு பெட்டியும் நிற்கலாம். ‘லிஃப்ட் உண்டா’ என்று மட்டும் கேட்காமல், அது தரைத்தளத்திலிருந்தே கிளம்புகிறதா என்றும் கேளுங்கள்.

கூலிக்காரர்களும் வெளியூர்க்காரர்களும் மாதக்கணக்கில் குடியிருந்த அறைகள் இவை. சேன்-மார்த்தேன் கால்வாய்க் கரையில் எழுத்தாளர் எழேன் தபியின் பெற்றோர் நடத்தியது அப்படி ஒரு ஓட்டல். அதை வைத்து அவர் எழுதிய ‘ஒத்தேல் து நோர்’ 1929-இல் வந்தது, 1938-இல் படமுமாயிற்று. அந்த முகப்பு இன்றும் இருக்கிறது. இப்போது உள்ளே உணவகம், ஆக அது மட்டும் நம் ஊர்ப் பொருளில் ஓட்டல் ஆகிவிட்டது. பிளாஸ் திதாலி பக்கம் கொதெஃப்ருவா தெருவில் ஒரு சின்ன ஓட்டலில் 1922 முதல் 1924 வரை ஒரு சீன இளைஞர் இருந்தார். பின்னாளில் சீனப் பிரதமரான சூ என்லாய். சுவரில் அவர் முகத்தோடு பலகை இருக்கிறது.

இப்படிப்பட்டவர்கள் தங்கும் இடம் என்பதால் போலீசுக்கு எப்போதும் ஓட்டல் மீது ஒரு கண். புரட்சிக் காலத்திலேயே, 1791 ஜூலையில், விடுதிக்காரர்கள் தங்குவோரின் பெயர், தொழில், ஊர், வந்த நாள், போன நாள் எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். பதிவேடுகளோடு வாழ்ந்த குமாஸ்தாவுக்கு அந்தக் கட்டங்கள் புதிதல்ல. இன்று பிரெஞ்சுக் குடிமக்களுக்கு அது கிடையாது. வெளிநாட்டவர் மட்டும் போலீஸ் படிவம் எழுத வேண்டும். ஓட்டல்காரர் அதை ஆறு மாதம் வைத்திருப்பார்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் போனபோது, பெரியப்பா மகன் துலூசிலிருந்து வந்து என்னோடு அதே ஓட்டலில் தங்கினார். இருவரும் புதுச்சேரியில் ஒரே வீட்டில், பிரெஞ்சுக் கொடி பறந்த காலத்தில் பிறந்தவர்கள். 1962 ஆகஸ்ட் 16-இல் ஒப்பந்தம் அமலானபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். சொல்தாவாக இருந்த பெரியப்பா எழுதிக் கொடுத்தார். அப்பா கொடுக்கவில்லை. ஏன் என்பதற்குப் பாட்டி ஒரு காரணம் சொல்வாள், அம்மா ஒரு காரணம் சொல்வாள். அப்பா ஒன்றும் சொன்னதில்லை. சிறுவர்களான எங்களை யாரும் கேட்கவும் இல்லை.

ஓட்டல் மேசையில் அண்ணன் அடையாள அட்டையைக் காட்டினார், சாவி வந்துவிட்டது. எனக்குப் படிவம் வந்தது. நான் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்க, “கொடுடா, நான் எழுதுறேன்” என்று வாங்கிக்கொண்டார். பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர் ‘பொந்திஷேரி’ என்று மடமடவென்று எழுதினார். தேசியம் என்ற கட்டம் வந்ததும் நிறுத்திவிட்டு, தாளை என் பக்கம் தள்ளினார். “இதை நீயே போட்டுக்க.”

நான் போட்டேன்.

கிளம்பும் நாள் கணக்குப் பார்க்கும்போது அறை வாடகைக்கு மேல் இன்னொரு வரி இருக்கும், தலைக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று. 1910-இல் தாது நீர் ஊற்று ஊர்களுக்கும் காற்று மாற்றத்துக்குப் போகும் ஊர்களுக்கும் என்று தொடங்கியது, பிறகு மற்ற ஊர்களுக்கும் வந்துவிட்டது. போனில் காட்டும் விலையில் அது சேர்ந்திருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். துலூஸ்காரருக்கும் புதுச்சேரிக்காரனுக்கும் அது ஒரே தொகைதான். அண்ணன் இரண்டையும் சேர்த்தே கட்டினார்.