கார்த்திகை முதல் தை வரை: பாகூர், வில்லியனூரில் பாதுகாப்பின் வரலாறு

புதுச்சேரிப் பகுதிக்கு ஆண்டு மழையில் பெரும்பங்கைத் தருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை. அது ஓய்வதற்குள் கார்த்திகை தீபமும் கிறிஸ்துமஸும் வந்துவிடும். ஓய்ந்த கையோடு புத்தாண்டு, பொங்கல், அறுவடை. சங்கராபரணிக் கரையிலுள்ள வில்லியனூர் கொம்யூனிலும் தென்பெண்ணையை ஒட்டிய பாகூர் கொம்யூனிலும் வயலிலும் வழியிலும் ஆபத்து மிகுந்த காலம் இதுவே.

முற்காலத்தில் பாதுகாப்பு என்பது ஏரிக்கரையைக் காப்பதுதான். சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே தென்பெண்ணை நீர் பாகூர் ஏரிக்கு வருகிறது. ஏரி நிரம்பிக் கலங்கல் வழியும் இரவுகளில் கரைக்கு ஆள் போடுவது ஏரிப்பாசன ஊர்களின் வழக்கம். கரையில் கசிவு தென்பட்டால் மண், வைக்கோல், பனந்துண்டு கொண்டு விடிவதற்குள் அடைத்தாக வேண்டும். பிரெஞ்சு ஆட்சியில் பாசன உழவர்களின் சங்கங்கள் ஏரிப் பராமரிப்பைக் கவனித்தன. பாலமில்லாத இடங்களில், வெள்ளம் வடியும்வரை மாட்டுவண்டிகள் ஆற்றங்கரையிலேயே காத்துக் கிடந்தன. 1879-இல் விழுப்புரம்–புதுச்சேரி ரயில் பாதை வில்லியனூர் வழியாக வந்த பிறகு மழைக்காலப் பயணத்துக்கு மாற்றுவழி கிடைத்தது.

1954 நவம்பர் 1-இல் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. பின்னர் ஏரிகள் பொதுப்பணித் துறையிடம் சென்றன. 1958-இல் தென்பெண்ணையின் மேற்பகுதியில் சாத்தனூர் அணை எழுந்தது. அதன்பின் கீழே ஊர்க்காவல் மட்டும் போதவில்லை; அணை திறக்கும் செய்தி மாநில எல்லை தாண்டி நேரத்தோடு வந்தாக வேண்டும்.

2011 டிசம்பர் 30 அதிகாலை, புத்தாண்டுக்கு இரண்டு நாள் முன்பு, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயல் கரையைக் கடந்தது. தென்னையும் பலாவும் மின்கம்பங்களும் சாய்ந்தன. காற்று அடங்கிய பிறகே இன்னோர் ஆபத்து தொடங்குகிறது: அறுந்து கிடக்கும் மின்கம்பியை மிதிப்பது, பாதி முறிந்து தொங்கும் கிளையின் கீழ் நின்று மரம் அறுப்பது. மின்சாரத்தை நிறுத்திவிட்டதாக உறுதி கிடைக்காமல் கம்பியைத் தொடக் கூடாது என்பது மின்துறைப் பணியின் முதல் விதி.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது 24 மணி நேரத்தில் 48 செ.மீ.க்கும் அதிகமான மழை கொட்டியது. சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் நீர் திறக்கப்பட, பாகூர் கொம்யூனின் தென்பெண்ணைக் கரை ஊர்களுக்குள் வெள்ளம் புகுந்தது.

மழை விட்டதும் ஆபத்து சாலைக்கு இடம் மாறுகிறது. மார்கழிப் பனியில் பின்விளக்கில்லாமல் செல்லும் கரும்பு டிராக்டர்கள், சாலையிலேயே காயும் நெல், கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம் வழியே கடலூர் சாலையில் விரையும் விடுமுறை வாகனங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே சாலையில் சேர்கின்றன. இருசக்கர வாகனத்தில் தலைக்கவசம் அணிவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமே கட்டாயமாக்கியிருந்தும் புதுச்சேரியில் நடைமுறை தள்ளிப்போனது. 2019 பிப்ரவரியில் துணைநிலை ஆளுநர் கிரண் பேடிக்கும் முதலமைச்சர் நாராயணசாமிக்கும் இடையே மூண்ட மோதலில் இதுவும் ஒரு காரணம். 2025 ஜனவரியில் விதி மீண்டும் கட்டாயமாக்கப்பட்டது.