கம்பங்களுக்கு நடுவே ஒரு மாட்டுங்காக்காரர்

2021 ஆகஸ்ட் 5, வியாழக்கிழமை. காலையிலிருந்தே நாடு முழுக்கக் கொண்டாட்டம். டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணி ஜெர்மனியை 5-4 என்று வென்று, 41 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு பதக்கத்தைப் பிடித்திருந்தது. கடைசி விநாடிகளில் வந்த பெனால்டி கார்னரைத் தடுத்த கோல்கீப்பர் ஸ்ரீஜேஷின் முகம்தான் எல்லாத் திரைகளிலும். அதே நாளில் தானேவில், தம் வீட்டில், மாரடைப்பால் ஒருவர் காலமானார். வயது 86. அவரும் கோல்கீப்பர்தான், கால்பந்தில். அவரும் கேரளத்தில் பிறந்தவர்தான். இரண்டு ஒலிம்பிக்கில் இந்திய அணிக்குத் தேர்வானவர். பெயர் எஸ்.எஸ். நாராயண். மைதானத்தில் அவரைப் ‘பாபு’ நாராயண் என்பார்கள்.

மறுநாள் சில பத்திரிகைகளில் சின்னச் செய்தியாக வந்தது. அவ்வளவுதான். மும்பைத் தமிழர்கள் பெருமையாகச் சொல்லும் பெயர்களின் வரிசையில் பாடகர்கள் உண்டு, நடன ஆசிரியர்கள் உண்டு, கம்பெனி நிர்வாகிகள் உண்டு. மாட்டுங்கா தெருக்களில் வளர்ந்து மெல்போர்னுக்கும் ரோமுக்கும் போன இந்த மனிதரின் பெயர் அந்த வரிசையில் இல்லை. இந்த வாரம் அவருக்கு.

1934 நவம்பர் 12 அன்று ஒற்றப்பாலத்தில் பிறந்தார். அன்று அது மெட்ராஸ் மாகாணத்தின் மலபார் ஜில்லா. வளர்ந்தது பம்பாயின் மாட்டுங்காவில். பாலக்காட்டுப் பக்கத்திலிருந்தும் தஞ்சாவூர், திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்தும் டைப்ரைட்டிங், சுருக்கெழுத்துச் சான்றிதழோடு ரயில் ஏறிய குடும்பங்கள் வந்து இறங்கிய இடம் மாட்டுங்கா. 1896-ல் பம்பாயைப் பிளேக் நோய் உலுக்கிய பிறகு, நெரிசலைக் குறைக்க நகர மேம்பாட்டு டிரஸ்ட் திட்டமிட்டு உருவாக்கிய பகுதி அது. அகலமான தெருக்கள், மரங்கள், நடுவில் காலியிடங்கள். 1932-ல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் அங்கே பள்ளிக்கூடம் தொடங்கியது. ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் தாராவி. அங்கே திருநெல்வேலியிலிருந்து வந்த தோல் பதனிடும் தொழிலாளர்கள் வசித்தார்கள். இரண்டு பக்கமும் தமிழ்தான். ஆனால் விளையாட இடம் இருந்தது ஒரு பக்கத்தில் மட்டும். மும்பைத் தமிழர்களின் விளையாட்டு வரலாற்றை எழுதும் யாரும் இந்த வித்தியாசத்தை மறக்கக் கூடாது. திறமை இருந்தும் பந்தைத் தொடாமலே போன தாராவிப் பையன்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள்.

மாட்டுங்கா அன்றும் இன்றும் கூடைப்பந்துக்குப் பேர் போனது. நாராயணும் கூடைப்பந்து ஆடியவர், அதிலும் மாநில அணி வரை போனவர். அவருடைய கோல்கீப்பிங்குக்கு அடித்தளம் அங்கேதான் விழுந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். உயரத்தில் வரும் பந்தை எப்போது எம்பிப் பிடிப்பது, கூட்டத்துக்கு நடுவே முழங்கை இடிபட்டாலும் பந்தை விடாமல் இருப்பது எப்படி, பிடித்த நொடியில் யாரிடம் தூக்கிப் போடுவது, இதெல்லாம் கூடைப்பந்துக் களத்தில் கை பழகும் விஷயங்கள். அன்று இந்தியாவில் கோல்கீப்பர்களுக்கென்று தனிப் பயிற்சியாளர்கள் கிடையாது. கை எங்கே பழகியதோ அதுதான் பள்ளிக்கூடம்.

அன்றைய கோல்கீப்பரின் வேலை எப்படிப்பட்டது என்று இன்றைய வாசகருக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். ரப்பர் பூசிய கையுறைகள் வராத காலம். பெரும்பாலும் வெறுங்கை. பந்து தோலால் ஆனது. வாய்ப்பக்கம் நாடா போட்டுக் கட்டியிருக்கும். மும்பையில் மழைக்காலம்தான் கால்பந்துக் காலம். தோல் தண்ணீரைக் குடித்துக் குடித்துப் பந்து கனத்துவிடும். அந்தப் பந்தை ஒரு ஃபார்வர்டு ஓங்கி அடித்தால் விரல் பிசகும். கோல்கீப்பரைத் தோளால் இடித்துத் தள்ளுவதையும் அன்றைய நடுவர்கள் பெரும்பாலும் ஆட்டத்தின் பகுதியாகவே பார்த்தார்கள். 1958-ல் லண்டனில் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் நாட் லாஃப்ட்ஹவுஸ், மான்செஸ்டர் யுனைடெட் கோல்கீப்பர் ஹாரி கிரெக்கைப் பந்தோடு சேர்த்து இடித்து வலைக்குள் தள்ளினார். நடுவர் அதை கோல் என்றே கொடுத்தார்.

அடிபட்டால் மாற்று ஆளும் கிடையாது. 1956 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் கோல்கீப்பர் பெர்ட் டிரவுட்மன் கழுத்து எலும்பு முறிந்த நிலையிலும் கடைசி வரை நின்றதற்கு இதுதான் காரணம். உலகக் கோப்பையிலேயே மாற்று ஆட்டக்காரர்களை அனுமதித்தது 1970-ல்தான். ஆகவே ஓர் அணியில் இரண்டு கோல்கீப்பர்கள் இருந்தால், ஆட்டத்தன்று ஒருவர் களத்தில், மற்றவர் பார்வையாளர். ஃபார்வர்டுகள் ஐந்து பேர் ஆடிய காலத்தில் ஒரு நல்ல ஃபார்வர்டுக்கு ஐந்து வாய்ப்பு இருந்தது. கோல்கீப்பருக்கு இருந்தது ஒன்றே ஒன்று.

நாராயண் காலத்தில் அந்த ஓர் இடத்துக்கு இந்தியாவில் பீட்டர் தங்கராஜ் இருந்தார். 1935-ல் ஹைதராபாத்தில் பிறந்து, நீலகிரி வெலிங்டனில் இருந்த மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டரில் சேர்ந்து, சென்டர் ஃபார்வர்டாகத் தொடங்கி கோல்கீப்பரானவர். 1958-ல் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்று பெயர் வாங்கியவர். நெடிய உருவம். கல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்புகளுக்கும், முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என, ஆடியவர். 1967-ல் அர்ஜுனா விருதும் கிடைத்தது. அப்படி ஒருவர் இருக்கும் காலத்தில் அதே வயதில், அதே இடத்துக்கு ஆடுவது என்பது பெரிய சோதனை. 1956-லும் 1960-லும் ஒலிம்பிக் அணியில் தங்கராஜ் பெயரோடு நாராயண் பெயரும் இருந்தது. நான்கு ஆண்டு இடைவெளியில் இரண்டு முறையும் தேர்வாளர்கள் அவரை விடவில்லை என்பதைத்தான் நான் அவருடைய தரத்துக்குச் சாட்சியாக வைப்பேன்.

மெல்போர்ன் கதை பலருக்கும் தெரியும். ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. 1952 ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று நொறுங்கிய அணி இந்தியா. நம்மவர்கள் பலர் அதுவரை வெறுங்காலில் ஆடியவர்கள். அந்த அடிக்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயமானது. நான்கு ஆண்டுகளில் பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம் அணியை உருமாற்றினார். மெல்போர்னில் ஹங்கேரி விலகிக்கொண்டதால் முதல் சுற்றைத் தாண்டியது இந்தியா. டிசம்பர் 1-ம் தேதி சொந்த மண்ணில் ஆடிய ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்றது. நெவில் டிசோசா மூன்று கோல் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் ஹாட்ரிக் அடித்த முதல் ஆசியர் அவர். பம்பாய்க்காரர்.

அரையிறுதியில் மீண்டும் அதே யூகோஸ்லாவியா. முதல் பாதியில் கோல் இல்லை. இரண்டாம் பாதியில் நெவில் அடித்து இந்தியா முந்தியது. பிறகு யூகோஸ்லாவியா நான்கு கோல் போட்டு 4-1 என்று முடித்தது. இதற்கு நான் சொல்லும் காரணம் ஒன்று உண்டு. அன்று இந்தியாவில் பெரும்பாலான போட்டிகள் 70 நிமிடம்தான் நடந்தன, அங்கே 90 நிமிடம். தேய்ந்துபோன டிஃபன்ஸுக்குப் பின்னால் நிற்கும் கோல்கீப்பருக்கு அந்தக் கூடுதல் நிமிடங்கள் எவ்வளவு நீளமானவை என்று யோசித்துப் பாருங்கள். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 3-0 தோல்வி. நான்காம் இடம். இந்தியக் கால்பந்து உலக மேடையில் எட்டிய உச்சம் இன்றுவரை அதுதான். அந்தப் போட்டியில் தங்கம் வென்ற சோவியத் அணியின் கோல்கீப்பர் லெவ் யாஷின். நம் மாட்டுங்காக்காரர் போயிருந்தது அப்பேர்ப்பட்ட ஆட்களின் நடுவே.

1960 ரோமில் ஹங்கேரியிடம் 2-1, பெருவிடம் 3-1 என்று தோற்று, பி.கே. பானர்ஜி தலைமையில் பிரான்ஸுடன் 1-1 என்று சமன் செய்தது இந்தியா. அதற்குப் பிறகு ஒலிம்பிக் கால்பந்துக்கு இந்தியா தகுதி பெறவே இல்லை.

இப்போது பம்பாய்க்குத் திரும்புவோம். என்னைப் பொறுத்தவரை நாராயணின் உண்மையான வரலாறு இங்கேதான் இருக்கிறது.

     அன்றைய பம்பாயில் ஆட்டக்காரர் அணி மாற ஊர் மாற வேண்டியதில்லை, கம்பெனிதான் மாறும். டாடா, கால்டெக்ஸ், பர்மா ஷெல், மஃபத்லால், மேற்கு ரயில்வே, மத்திய ரயில்வே என ஒவ்வொன்றுக்கும் ஓர் அணி. செம்பூரை ஒட்டிய மாஹுலில் 1950-களில் பர்மா ஷெல் சுத்திகரிப்பு ஆலை வந்தபோது வேலையோடு விளையாட்டும் அந்தப் பக்கம் வந்தது. நல்ல ஆட்டக்காரன் என்றால் வேலை, மாதச் சம்பளம், பிராவிடண்ட் ஃபண்ட். காலையில் மேஜை, மாலையில் மைதானம்.

இதில் இன்னொரு வசதியும் இருந்தது. அன்றைய ஒலிம்பிக்கில் பணத்துக்கு ஆடுபவர்களுக்கு இடமில்லை. கம்பெனி ஊழியர் என்றால் அவர் அமெச்சூர். இந்தியாவின் பொற்காலத்தில் ஆடியவர்களில் பலர் போலீஸ், ராணுவம், ரயில்வே, கம்பெனி என்று எங்காவது சம்பளம் வாங்கியவர்களே. ரஹீமின் மேதைமையைப் பற்றி 2024-ல் சினிமாகூட வந்தது, நல்லது. ஆனால் அந்த மேதைக்கு ஆட்களைக் கொடுத்த இந்த ஏற்பாட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மாதம் பிறந்தால் சம்பளம் வரும் என்ற நிம்மதி இல்லாவிட்டால், ஒரே ஓர் இடத்துக்காக வருடக்கணக்கில் காத்திருக்கும் கோல்கீப்பர் பிழைத்திருக்க முடியாது.

நாராயண் ஆடியது கால்டெக்ஸுக்கு. நெவில் டிசோசாவும் அங்கே இருந்தார். 1958-ல் கால்டெக்ஸ் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. அதன் அருமை புரிய வேண்டுமானால் கோப்பையின் கதை தெரிய வேண்டும். 1891-ல் தொடங்கிய போட்டி. வெகுகாலம் வெள்ளைக்காரப் பட்டாளங்களின் சொத்து. 1937-ல்தான் பெங்களூர் முஸ்லிம்ஸ் என்ற முதல் இந்திய அணி வென்றது. 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகள் ஹைதராபாத் சிட்டி போலீஸ். பிறகு மோகன் பகான், முகமதன் ஸ்போர்ட்டிங், மறுபடி ஹைதராபாத். போட்டி நடப்பது பம்பாய் கூப்பரேஜ் மைதானத்தில், கோப்பையைத் தூக்கிப்போவது வெளியூர்க்காரர்கள். அந்த நிலையில் ஒரு பம்பாய் கம்பெனி அணி அதைச் சொந்த ஊரில் நிறுத்தியது. பிறகு 1963-64 சந்தோஷ் கோப்பையை மகாராஷ்டிரா வென்றபோதும் நாராயண் அந்த அணியில் இருந்தார். தனி மாநிலமான பிறகு மகாராஷ்டிரா என்ற பெயரில் கிடைத்த முதல் கோப்பை அது.

கம்பெனி அணி என்ற அந்த ஏற்பாடு இன்று இல்லை. கால்டெக்ஸை 1976 கடைசியில் அரசு எடுத்துக்கொண்டது. 1978-ல் அது ஹிந்துஸ்தான் பெட்ரோலியத்தோடு இணைந்தது. 1982 மில் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு மில்களே மூடின, மில் அணிகள் எங்கே நிற்கும்? ரோவர்ஸ் கோப்பை 2000-01-க்குப் பிறகு நடக்கவில்லை. மும்பையின் பெரிய கம்பெனி அணிகளில் ஒன்றான மஹிந்திரா யுனைடெட் 2010-ல் கலைக்கப்பட்டது. இப்போது ஐ.எஸ்.எல். கால்பந்து லீக் இருக்கிறது, அதில் மும்பை சிட்டி அணி இருக்கிறது. முதல் நிலைக் கோல்கீப்பருக்கு அன்றைவிடப் பல மடங்கு பணம். இரண்டாம், மூன்றாம் நிலையில் நிற்கும் பையனுக்கு நாராயணுக்கு இருந்த மேஜையும் சம்பளமும் இல்லை. இதை வளர்ச்சி என்று ஒப்புக்கொள்ள என் மனம் மறுக்கிறது.

கம்பெனி அணிகள் கலைந்தபோது அவற்றின் படங்களும் பதிவேடுகளும் எங்கெங்கோ போயின. மாட்டுங்கா, செம்பூர், தாராவி, சயான் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அப்பாவோ தாத்தாவோ கம்பெனி அணிக்கு ஆடியிருந்தால், அல்லது கூப்பரேஜில் நாராயண் நின்ற ஆட்டத்தைப் பார்த்தவர்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் சொல்வதை இப்போதே எழுதி வையுங்கள். பழைய குழுப் படங்களின் பின்பக்கம் பெயர்களைக் குறித்து வையுங்கள். பிரதி ஒன்றை இந்தத் தொடருக்கு அனுப்புங்கள். மாட்டுங்காவின் சங்கங்களுக்கும் ஜிம்கானாக்களுக்கும் ஒன்று: ஆண்டுக்கு ஒரு முறை, தாராவிப் பிள்ளைகளையும் சேர்த்து, சிறுவர் கால்பந்துப் போட்டி ஒன்றை நடத்துங்கள். அதில் சிறந்த கோல்கீப்பருக்கான பரிசுக்கு எஸ்.எஸ். நாராயண் பெயரை வையுங்கள்.

(தொடரும்)