சதுரங்கப் பலகையில் கோதுமை மணிகள்: அல்-பீரூனியும் ஒரு கணக்கரும்



கூட்டுத் தொடர்வரிசை, பெருக்குத் தொடர்வரிசை என்னும் பாடத்தை நம் பிள்ளைகள் பத்தாம் வகுப்பில் படிக்கின்றனர். சூத்திரங்களை மனனம் செய்து தேர்வில் எழுதுகின்றனர். விடுமுறைக்குள் மறந்தும் விடுகின்றனர். ஆனால் இவ்விரு வரிசைகளும் நம் முன்னோரின் நாட்காட்டியிலும் நூல்களிலும் உயிருடன் இருந்தவை. அந்த வரலாற்றின் இரு காட்சிகளை இங்குப் பார்ப்போம்.

கி.பி. 973 இல் குவாரிஸ்ம் பகுதியில் பிறந்தவர் அபூ ரைஹான் அல்-பீரூனி. பல்வேறு சமூகத்தாரின் நாட்காட்டிகளையும் ஆண்டுக் கணக்குகளையும் ஆராய்ந்து, ஏறத்தாழ 1000 ஆம் ஆண்டில் 'அல்-ஆஸாருல் பாக்கியா' என்னும் நூலை எழுதினார்.

நாட்காட்டியில் கூட்டுத் தொடர்வரிசையை எவரும் காணலாம். சந்திர ஆண்டுக்கு ஏறத்தாழ 354 நாட்கள். சூரிய ஆண்டுக்கு 365. எனவே ரமளான் ஆண்டுதோறும் சுமார் 11 நாட்கள் முன்னதாக வருகிறது. இதை இரு விதமாகச் சொல்லலாம். 'சென்ற ஆண்டு வந்த தேதியிலிருந்து 11 நாட்களைக் கழி' என்பது படிப்படியான விதி. அதற்கு முந்தைய உறுப்பு தெரிந்தாக வேண்டும். 'கடந்த ஆண்டுகளின் எண்ணிக்கையை 11 ஆல் பெருக்கி, தொடக்கத் தேதியிலிருந்து கழி' என்பது பொது உறுப்புச் சூத்திரம். அது இடையிலுள்ள ஆண்டுகளைத் தாண்டி நேரே விடைக்குச் செல்கிறது. பத்து ஆண்டுகளில் ரமளான் ஏறத்தாழ 110 நாட்கள் முன்னேறும் என்று உடனே சொல்லிவிடலாம். பிறை தென்படுவதை வைத்தே மாதம் தொடங்கும் என்பதால், இக்கணக்கு சராசரியை மட்டுமே காட்டும். எந்த விதியானாலும் தொடக்கம் எதுவெனத் தெரியாவிட்டால் பயன்படாது.

பெருக்குத் தொடர்வரிசைக்கு அதே நூலில் அல்-பீரூனி சதுரங்கப் பலகையை எடுத்துக்கொண்டார். சதுரங்கம் ஆடுவது பற்றிய மார்க்கச் சட்ட விவாதம் வேறு. நமக்கு இங்கு வேண்டியவை அதன் 64 கட்டங்களே. முதற்கட்டத்தில் 1, அடுத்ததில் 2, அதற்கடுத்ததில் 4 என ஒவ்வொன்றிலும் முந்தையதைப் போல் இருமடங்கு வைத்தால் மொத்தம் எவ்வளவு?

படிப்படியான விதி எளிது: முந்தைய கட்டத்து எண்ணை இரட்டிப்பாக்கு. ஆனால் கடைசிக் கட்டத்தை அடைய 63 முறை பெருக்க வேண்டும். அல்-பீரூனி ஒரு குறுக்குவழியைக் காட்டினார். முதற்கட்டத்திலிருந்து ஐந்தாம் கட்டம் நான்கு படிகள் தள்ளி உள்ளது. அங்குள்ள எண் 16. அதை அதனாலேயே பெருக்கினால் 256 வரும். இது மேலும் நான்கு படிகள் தள்ளியுள்ள ஒன்பதாம் கட்டத்தின் எண். அதன் வர்க்கம் 65,536. இது 17 ஆம் கட்டம். அதன் வர்க்கம் 4,29,49,67,296. இது 33 ஆம் கட்டம். மீண்டும் ஒருமுறை வர்க்கம் கண்டால், பலகையிலேயே இல்லாத 65 ஆம் கட்டத்தின் எண் கிடைக்கும்.

இல்லாத கட்டம் எதற்கு? 1+2 என்பது 3. அடுத்த எண்ணான 4 ஐ விட ஒன்று குறைவு. 1+2+4 என்பது 7. 8 ஐ விட ஒன்று குறைவு. ஆகவே 65 ஆம் எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் 64 கட்டங்களின் கூட்டுத்தொகை வந்துவிடும்: 1,84,46,74,40,73,70,95,51,615. இன்று நாம் 2⁶⁴ − 1 என எழுதும் எண் இதுவே.

இரண்டாம் காட்சி 13 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. திமிஷ்கின் தலைமைக் காஸியாக இருந்த இப்னு கல்லிகான் (1211–1282), தமது புகழ்பெற்ற வரலாற்று நூலான 'வஃபயாத்துல் அஃயான்' என்பதில், சதுரங்கத்தை உருவாக்கியவர் இந்திய அரசரிடம் இந்தக் கணக்கின்படி கோதுமை மணிகளைப் பரிசாகக் கேட்ட கதையைக் குறிப்பிடுகிறார். அவ்வளவு பெரிய தொகை வரும் என்பதில் தமக்கே ஐயம் இருந்ததையும் மறைக்காமல் எழுதுகிறார்.

அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த ஒரு கணக்கர்தாம் அந்த ஐயத்தை நீக்கினார். ஒரு தாளில் 16 ஆம் கட்டம் வரை இரட்டித்து 32,768 மணிகள் எனக் காட்டினார். அது ஒரு 'கதஹ்' படிக்குச் சமம் என்றார். பிறகு மணிகளை விட்டுவிட்டுப் படிகளை இரட்டித்தார். 20 ஆம் கட்டத்தில் அது ஒரு 'வைபா' ஆயிற்று. அங்கிருந்து 'இர்தப்பு' என்னும் பெரிய அளவைக்கு மாறினார். 40 ஆம் கட்டத்தில் வந்ததை ஒரு களஞ்சியம் என்று கொண்டார். 50 ஆம் கட்டத்தில் 1,024 களஞ்சியங்கள். அதை ஒரு நகரம் என்றார். 64 ஆம் கட்டத்தில் 16,384 நகரங்கள்! உலகில் அத்தனை நகரங்கள் ஏது?

அல்-பீரூனியின் வழி விடையை விரைவில் தந்தது. கணக்கரின் வழியோ, அந்த விடை எப்படி விளைந்தது என்பதைக் கண்முன் நிறுத்தியது. ஒன்று பொது உறுப்புச் சூத்திரத்தின் ஆற்றல்; மற்றொன்று படிப்படியான விதியின் ஆற்றல். இரண்டும் அறிந்தவரே வரிசையை முழுமையாக அறிந்தவர். பெரும் நீதிபதி ஒருவர் கணக்கர் முன் மாணவராக அமர்ந்து கற்றதும் நமக்கு ஒரு பாடமே.

இவ்வறிவு நம் வீட்டு வாசல் வரை வருகிறது. வட்டி சிறிதானாலும் பெரிதானாலும் ஹராம் என்பதில் ஐயமில்லை. அதன் தடை கணக்கைச் சார்ந்ததன்று. எனினும் நெருக்கடியில் கையொப்பமிடும் நம் குடும்பத்தார் பலர், அந்தச் சுமை எவ்வாறு வளர்கிறது என்பதை அறிவதில்லை. 1,00,000 ரூபாய்க்கு மாதம் நூற்றுக்கு மூன்று என்றால், அசலுக்கு மட்டும் வட்டி கூடும்போது 48 மாதங்களில் கடன் 2,44,000 ஆகும். இது கூட்டுத் தொடர்வரிசை. கட்டாத வட்டியும் மாதந்தோறும் அசலோடு சேர்ந்தால், 24 மாதங்களிலேயே இருமடங்கைத் தாண்டும். 48 மாதங்களில் நான்கு மடங்கையும் தாண்டி ஏறத்தாழ 4,13,000 ஆகும். காலம் இரட்டித்தால் மடங்கு வர்க்கமாகிறது: அல்-பீரூனி ஐந்தாம் கட்டத்திலிருந்து ஒன்பதாம் கட்டத்துக்குத் தாவிய அதே விதி.

இவ்வார இறுதியில் பிள்ளைகளை அருகில் அமர்த்தி, ஒரு தாளில் கட்டங்கள் வரைந்து அரிசி மணிகளை இரட்டித்து வைக்கச் சொல்வோம். பத்தாம் கட்டத்தில் 512 மணிகளை எண்ணும்போதே கை சலித்துவிடும். அப்போது, 'எண்ணாமலேயே அடுத்த கட்டங்களைச் சொல்ல வழி உண்டா?' என்று கேட்போம். அந்தக் கேள்விக்குப் பின் சூத்திரத்தை மனனம் செய்ய வேண்டியிராது. அவர்களே அதைக் கண்டடைவார்கள், இன்ஷா அல்லாஹ்.