வாயைக் கட்டிய கதை: ஏகாதசி, எடை, ஸ்ரீரங்கம்

ஸ்ரீரங்கத்தில் எடை பார்த்துக்கொண்டவர்களிலேயே பெரிய ஆள் யார் என்று கேட்டால், ஜடாவர்மன் சுந்தர பாண்டியன் என்றுதான் சொல்ல வேண்டும். 1251-ல் பட்டத்துக்கு வந்தவர். ரங்கநாதர் கோயிலுக்குப் பொன்னை வாரி இறைத்தவர். அவருடைய துலாபாரம் பற்றி 'கோயிலொழுகு' ஒரு கதை சொல்கிறது. ஆற்றில் இரண்டு ஓடங்கள். ஒன்றில் பட்டத்து யானை மேல் ராஜா உட்கார்ந்தாராம். அந்த ஓடம் எவ்வளவு அமிழ்ந்ததோ, மற்ற ஓடமும் அவ்வளவு அமிழும் வரை பொன்னைக் கொட்டினார்களாம். ராஜா குண்டாக இருந்தால் கோயிலுக்கு லாபம்! அவர் டயட்டில் இருந்திருந்தால் பட்டர்களே போய் கெஞ்சியிருப்பார்கள் :-)

சிரிப்புக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை நண்பர்களே. உடம்பு பெருத்தால் அது செழிப்பு, இளைத்தால் அது கஷ்டம் என்றுதான் நம் ஊர் வெகுகாலம் நினைத்தது. 'பூசினாற்போல் இருக்கிறாள்' என்பது இன்றைக்கும் பெண் பார்க்கப் போகிற இடத்தில் பாராட்டு. காரணம் புரியாததல்ல. 1876-78 பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானவர்கள் செத்தார்கள். நிவாரண வேலை செய்த ஆணுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று சர் ரிச்சர்ட் டெம்பிள் கணக்குப் போட்டார். அரைக் கிலோ கூட இல்லை, அதை வைத்துக்கொண்டு மண் சுமக்க வேண்டும். மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் இது போதவே போதாது என்று சண்டை போட்டார். அப்படிப்பட்ட ஊரில் 'எடை குறைப்பது எப்படி' என்று யார் புத்தகம் எழுதுவார்கள்?

இன்றைக்கு நிலைமை தலைகீழ். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வுப்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி பேர். தேசிய சராசரி 11.4 சதவீதம், தமிழ்நாட்டில் அதைவிட அதிகம். என் வகுப்பில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சர்க்கரை இல்லாத வீடு எது என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். எங்கள் வீடு அந்தக் கணக்கில் வராது. ஆக, எடை என்பது ஜீன்ஸ் பேண்ட் விஷயம் மட்டும் இல்லை. புத்தாண்டு அன்று ஆரம்பித்து பொங்கலுக்குள் கைவிடுகிற நம் வகுப்பு டயட்டுகளைப் பார்த்தபோது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. மாதம் இரண்டு தடவை, வருஷத்துக்கு 24 தடவை, சாப்பிடாமல் இருந்து பழகிய ஊர் ஸ்ரீரங்கம். நாக்கை எப்படிச் சமாளித்தார்கள்?

முதலில், ஊரின் இன்னொரு முகத்தையும் சொல்லிவிட வேண்டும். ஸ்ரீரங்கம் ஒன்றும் பட்டினி ஊர் அல்ல, சாப்பாட்டு ஊர். பெருமாளுக்குக் காலையில் ரொட்டியும் வெண்ணெயும் உண்டு. துலுக்க நாச்சியாருக்காக ஏற்பட்ட வழக்கம் என்பார்கள். ஆனி மாதம் ஜேஷ்டாபிஷேகத்துக்கு மறுநாள் பெரிய திருப்பாவாடை, அதாவது சந்நிதி முன்னால் சாதத்தை மலையாகக் குவித்து நெய்யும் மாம்பழமும் பலாவும் சேர்த்து அமுது செய்வது. ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபம் படித்துறையில் எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், புளியோதரை, தயிர் சாதம். பாலத்தைத் தாண்டி திருச்சிக்குள் வந்தால் மணப்பாறை முறுக்கு (2023-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது). ஆசையைத் தூண்டும் பொருளுக்கு இந்த ஊரில் என்றைக்கும் பஞ்சமில்லை. அதற்கு நடுவில்தான் ஏகாதசி.

ஏகாதசியின் கெட்டிக்காரத்தனம் எதில் இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்று, தேதியை நாம் முடிவு செய்வதில்லை. 'நாளையிலிருந்து ஆரம்பிக்கிறேன்' என்ற பேச்சுக்கே இடமில்லை. பஞ்சாங்கம் சொல்லிவிடும். தனியாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. தெருவே அடுப்பு மூட்டாதபோது பக்கத்து வீட்டு வத்தக்குழம்பு வாசனை நம்மைக் கூப்பிடாது. எனக்கு மிகவும் பிடித்தது ராத்திரி ஏற்பாடுதான். வைகுண்ட ஏகாதசி அன்று தூங்கக் கூடாது. பசியோடு விழித்திருப்பவனுக்கு நேரம் நகராது. அதற்கென்று பரமபத சோபான படம் விரித்து, தாயக்கட்டை உருட்டி, பாம்பில் இறங்கி ஏணியில் ஏறி, விடியும் வரை விளையாடினார்கள். கையும் மனசும் வேலையாக இருந்தால் வயிறு கொஞ்சம் அடங்கும். விடிகாலையில் பரமபத வாசல் திறப்பு. ஊரே அங்கே நிற்கும்.

அதைவிட முக்கியம் மறுநாள். டயட் இருந்தவர்களுக்குத் தெரியும், நாலு நாள் வாயைக் கட்டிவிட்டு ஐந்தாம் நாள் பரோட்டா கடையில் மொத்தமாகத் தீர்த்துவிடுவோம். துவாதசிப் பாரணை அதற்கு வழி விடவில்லை. காலையில் குறித்த நேரத்துக்குள் விரதத்தை முடித்தாக வேண்டும். அம்பரீஷன் கதையே இந்த நேரக் கணக்கைப் பற்றியதுதான். விருந்தாளி துர்வாசர் குளிக்கப் போய்த் திரும்பவில்லை, துவாதசி முடியப்போகிறது, ராஜா ஒரு வாய் தண்ணீர் குடித்து விரதத்தை முடித்துக்கொண்டார், முனிவருக்குக் கோபம் வந்தது. பாரணை இலையில் என்ன இருக்கும்? அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய். புளி சேர்க்க மாட்டார்கள். கசப்பும் துவர்ப்பும். நாக்கு துள்ளிக்கொண்டு வந்தாலும் அகத்திக்கீரையை யாராலும் அளவுக்கு மீறிச் சாப்பிட முடியாது!

சரி, எல்லாரும் இப்படி ஒழுங்காக இருந்தார்களா? அதுதான் இல்லை. அரிசிச் சோறுதானே கூடாது என்று ஏகாதசிப் 'பலகாரம்' என்று ஒன்று வந்தது. ரவா உப்புமா, கோதுமை அடை, பழம், பால், கூட ஒரு கேசரி. என் பாட்டி சொல்வார்: "ஏகாதசி அன்னிக்குத்தான்டா உங்க தாத்தாவுக்கு வகை வகையா வேணும்." மற்ற நாளில் சோறும் மோரும் சாப்பிட்டவருக்கு விரத நாளில் மூன்று பலகாரம்.

இந்த ஓட்டையை வெளிப்படையாக எழுதியவர் காந்தி. தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையில் இருந்தபோது அவரும் ஏகாதசி இருந்திருக்கிறார். 'சத்திய சோதனை'யில் அவர் சொல்வதன் சாரம் இது: தானியத்தை விட்டுப் பழத்துக்கு மாறினாலும் நாக்கின் ருசி அடங்கவில்லை, பழத்திலேயே அது இன்னும் நன்றாக வேலை செய்தது. முழுப் பட்டினிக்கு மாறினார். அப்போது பசி கூர்மையாகி, அடுத்த வேளைச் சாப்பாடு முன்னைவிட ருசித்தது. உபவாசம் என்பது கட்டுப்பாட்டுக்கும் உதவும், ஆசையை வளர்க்கவும் உதவும் என்று கண்டுகொண்டார்.

காந்தி தன் ஒரு உடம்பை வைத்துச் சொன்னதை 1944-45-ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 பேரை வைத்துச் சோதித்தார் ஆன்செல் கீஸ். போருக்குப் போக மாட்டோம் என்று மறுத்த இளைஞர்கள், தாங்களாகவே முன்வந்தவர்கள். 24 வாரம் அரைப்பட்டினி, நாளுக்கு ஏறக்குறைய 1,570 கலோரி. உடல் எடையில் கால் பங்கு போனது. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் மனசுக்கு நடந்ததைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சாப்பாட்டைத் தவிர வேறு பேச்சே இல்லை. சமையல் புத்தகங்களைக் கதைப் புத்தகம் போல் படித்தார்கள், சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள். தட்டை நக்கினார்கள். ஒரு வேளைச் சாப்பாட்டை இழுத்து இழுத்துச் சாப்பிட்டார்கள். திருட்டுத்தனமாகச் சாப்பிட்டு மாட்டியவர்களும் உண்டு. அதனால் வெளியே போனால் துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போக வேண்டும் என்று விதியே போட்டார்கள். சோதனை முடிந்து சாப்பாடு கொடுத்த பிறகும் பலருக்கு 'போதும்' என்ற உணர்வு வர வெகுநாள் ஆனது. இவர்கள் மனவுறுதி இல்லாதவர்கள் அல்ல. உறுதி இருந்ததால்தான் வந்து சேர்ந்தார்கள். ஆசை என்று நாம் திட்டுவது பாதி நேரம் வெறும் பசிதான். ஒரே மாதத்தில் பத்து கிலோ என்று கிளம்புகிறவர்களிடம் இந்தக் கதையைத்தான் நான் சொல்கிறேன்.

ஏகாதசி ஒரு நாளோடு நின்றதன் அருமை இங்கேதான் தெரிகிறது. எட்டு வயதுக்குக் கீழே, எண்பதுக்கு மேலே இருப்பவர்களுக்கு விலக்கும் உண்டு. (சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் பட்டினி கிடந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரும். பாட்டிகளிடம் இதைச் சொல்லுங்கள், கேட்க மாட்டார்கள், ஆனாலும் சொல்லுங்கள்.)

கதைகளில் பார்த்தால் எனக்குக் கைசிக ஏகாதசிக் கதைதான் முதல். கார்த்திகை மாதம் ஸ்ரீரங்கத்தில் பட்டர் கைசிக புராணம் வாசிப்பார், அன்று நம்பெருமாளுக்கு 365 வஸ்திரம் சாற்றுவார்கள். கதை நடப்பது திருக்குறுங்குடியில். நம்பாடுவான் என்ற பாணர் ஏகாதசி விரதத்தோடு பாடுவதற்குப் போகிறார். வழியில் பல நாள் பசியோடு ஒரு பிரம்மராட்சசன் பிடித்துக்கொள்கிறான். பாடிவிட்டுத் திரும்பி வருகிறேன் என்று பதினெட்டுச் சத்தியம் செய்துவிட்டுப் போகிறார், சொன்னபடியே வருகிறார். வந்து பார்த்தால் ராட்சசனுக்கு இப்போது சாப்பாடு வேண்டாம், பாட்டின் பலன் வேண்டும். முழுசாகக் கொடு என்கிறான், பாதி கொடு என்கிறான், கடைசியில் ஒரே ஒரு பாட்டின் பலனாவது கொடு என்று இறங்கி வருகிறான். இரண்டு பேருமே பசியோடு இருக்கிறவர்கள். ஒருவருக்குப் பசியை விடப் பெரிதாக ஒன்று முன்பே இருந்தது, மற்றவனுக்கு அதைப் பார்த்த பிறகு வந்தது. இதை உபதேசக் கதையாக மட்டும் படிப்பது நஷ்டம். பேரம் பேசும் இடம் நம் மனசு பஜ்ஜிக்குப் பேரம் பேசுவது மாதிரியே இருக்கும்: நாலு வேண்டாம், இரண்டு... சரி, ஒன்றே ஒன்று.

ஆனால் அக்ரஹாரத்து ஏகாதசியைப் பற்றி எழுதிவிட்டு ஒரு விஷயத்தை மறைத்தால் அது வரலாறு ஆகாது. மற்றவர்களுக்கு விருப்பமாக இருந்த விரதம், கைம்பெண்களுக்குக் கட்டளையாக இருந்தது. பதினாலு பதினைந்து வயதில் கணவனை இழந்த பெண்ணுக்கும் நாளைக்கு ஒரே வேளைச் சாப்பாடு, ஏகாதசிக்கு அதுவும் இல்லை. பல வீடுகளில் அன்று சொட்டுத் தண்ணீரும் கிடையாது. அவளுக்கு எதற்கு ருசி என்பதுதான் வாதம். அதே அகத்திக்கீரை, அதே துவாதசி. ஆனால் அவள் 'இந்த முறை இருக்கவில்லை' என்று சொல்ல முடியாது. இன்றைக்குக் கல்யாணத்துக்கு முன்னால் இளைக்கச் சொல்லிப் பெண்ணின் தட்டில் கை வைக்கிற வீடுகளைக் கேள்விப்படும்போது எனக்கு அந்தப் பெண்களின் ஞாபகம்தான் வருகிறது. யாருடைய வாயை யார் கட்டுகிறார்கள் என்று கேட்காமல் விரதத்தைப் புகழக்கூடாது.

தானாக ஏற்றுக்கொண்ட பசி எப்படி இருக்கும் என்பதற்கும் திருச்சியிலேயே உதாரணம் உண்டு. 1930 ஏப்ரல் 13 அன்று, ஸ்ரீரங்கத்துக்காரரான டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜனின் திருச்சி வீட்டிலிருந்து ராஜாஜி தலைமையில் ஏறக்குறைய நூறு பேர் வேதாரண்யத்துக்கு நடந்தார்கள். சுமார் 240 கிலோமீட்டர், சித்திரை வெயில். இவர்களுக்குச் சோறோ இடமோ கொடுப்பவர்களுக்குத் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தோர்ன் உத்தரவு போட்டார். ஜனங்கள் சாப்பாட்டுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள் என்பது அந்தப் பக்கம் இன்னும் சொல்லப்படுகிற கதை. கொடுத்தது யார் என்று போலீஸ் மரத்தையா கேட்க முடியும்? ஏப்ரல் 28 வேதாரண்யம் போய்ச் சேர்ந்தார்கள், 30-ம் தேதி உப்பு எடுத்தார்கள். இந்த டாக்டர் ராஜன்தான் 1937-ல் ராஜாஜி மந்திரிசபையில் சுகாதார மந்திரி ஆனார். 1965-ல் லால் பகதூர் சாஸ்திரி திங்கட்கிழமை ராத்திரிச் சாப்பாட்டை விடுங்கள் என்று கேட்டபோது நாடு கேட்டதும் இதே ரகம்தான். நாள் ஒன்று, காரணம் ஒன்று, கூட்டம் ஒன்று. நியூயார்க்கில் 1963-ல் ஜீன் நிடெட்ச் என்ற இல்லத்தரசி ஆரம்பித்த 'வெயிட் வாட்சர்ஸ்' கம்பெனியும் இதையேதான் காசு வாங்கிக்கொண்டு செய்தது. வாரத்துக்கு ஒரு கூட்டம், எல்லார் முன்னாலும் பேச்சு.

பெருமாளுக்கே ஒருமுறை சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஸ்ரீரங்கத்தில் ஒரு கதை சொல்வார்கள். ராமானுஜர் சேவிக்கப் போனபோது பெருமாளின் திருமுகம் வாடியிருந்ததாம். என்ன அமுது செய்வித்தீர்கள் என்று விசாரித்தால், தயிர் சாதத்தோடு நாவல்பழம். உடனே வைத்தியரைக் கூப்பிட்டுக் கஷாயம் ஏற்பாடு செய்தாராம். கதை எப்படியோ, வைத்தியசாலை நிஜம். கோயிலுக்குள் ஆரோக்கியசாலை இருந்தது என்று கல்வெட்டு இருக்கிறது. படையெடுப்பில் சிதைந்த அதைக் கருடவாகன பட்டர் என்பவர் புதுப்பித்து தன்வந்திரியை எழுந்தருளச் செய்ததை 1493-ம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. தன்வந்திரி சந்நிதி இன்றும் இருக்கிறது. அங்கே போய்விட்டு வெளியே வந்தால் பிரசாதக் கடை. நான் கடைசியாகப் போனபோது புளியோதரை சூடாக இருந்தது. ஒரு தொன்னை வாங்கி இரண்டு பேர் பங்கு போட்டுக்கொண்டோம்.