காய்ச்சல் விட்ட பிறகும் கவனம் வேண்டும்: டெங்கும் கர்ப்பிணிகளும்

நத்தார் விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போகும் புலம்பெயர் குடும்பங்கள் பல. வடக்கில் மாரி மழையோடு டெங்கு நுளம்பு பெருகும் காலமும் அதுதான். போகிறவர்களில் கர்ப்பிணித் தாய்மாரும் இருக்கிறார்கள். டெங்கு என்றதும் "கிருமி பிள்ளைக்கும் போய்விடுமா?" என்றுதான் நாம் முதலில் கேட்கிறோம். பேறு நெருங்கிய நாட்களில் அப்படியும் நடப்பதுண்டு. ஆனால் நாம் அதிகம் பேசாத ஆபத்து தாயின் இரத்த ஓட்டத்தில் இருக்கிறது.

வயிற்றுப் பிள்ளைக்கு வேண்டிய ஒட்சிசன் முழுவதும் நஞ்சுக்கொடி வழியாகத் தாயின் இரத்தத்திலிருந்தே கிடைக்கிறது. நிறைமாதத்தில் நிமிடத்துக்கு 500 முதல் 700 மில்லிலீற்றர் இரத்தம் கருப்பைக்குப் போகிறது. இரத்த அழுத்தம் சற்றுக் குறைந்தால் மூளையின் நாளங்கள் விரிந்து சமாளித்துக்கொள்ளும். கருப்பை நாளங்கள் ஏற்கெனவே நன்றாக விரிந்திருப்பதால் அவற்றால் அப்படிச் சமாளிக்க முடியாது. தாயின் அழுத்தம் விழுந்தால் பிள்ளைக்குப் போகும் ஓட்டமும் விழும்.

டெங்கு உடலில் கிளப்பும் அழற்சியால் நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர் கசியத் தொடங்குகிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதி நெஞ்சறைக்கும் வயிற்றறைக்கும் வெளியேறிவிடும். இது பெரும்பாலும் 3ஆம் நாளுக்கும் 7ஆம் நாளுக்கும் இடையில், காய்ச்சல் இறங்கும்போது தொடங்கி 24 முதல் 48 மணித்தியாலம் நீடிக்கும். வீட்டில் எல்லோரும் "காய்ச்சல் விட்டிட்டுது" என்று ஆறுதலடையும் நேரம் அது. கர்ப்பிணியின் இரத்தம் இயல்பாகவே ஐதானது, நாடித்துடிப்பும் வேகமானது. அதனால் கசிவு தொடங்கியது பரிசோதனையில் எளிதில் தெரியாது. முன்பு எடுத்த இரத்தப் பரிசோதனை அறிக்கை கையில் இருந்தால் வைத்தியர் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பயணப் பையில் அதற்கு இடம் வையுங்கள்.

புலம்பெயர் நாடுகளில் பல கர்ப்பிணிகளுக்கு, கர்ப்பகால உயர் இரத்த அழுத்தத்தைத் தடுக்கச் சிறிய அளவு ஆஸ்பிரின் கொடுக்கிறார்கள். டெங்கில் இரத்தக் கசிவுக்கு அது துணைபோகும். காய்ச்சல் தொடங்கியதுமே வைத்தியரிடம் அதைச் சொல்ல வேண்டும். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் போதும்; இபுபுரோபன் கூடாது. கர்ப்பிணிக்குப் பப்பாசிப் பழமே ஆகாது என்று விலக்கும் நம் வீடுகளில், டெங்கு என்றதும் பப்பாசி இலைச்சாறு பிழிகிறார்கள்! அதைக் கர்ப்பிணிக்குக் கொடுக்க வேண்டாம்.

நுளம்பு கடித்து 4 முதல் 10 நாட்களில்தான் காய்ச்சல் வரும் என்பதால், இலண்டனுக்கோ ரொறன்ரோவுக்கோ திரும்பிய பிறகும் அது தொடங்கலாம். இங்குள்ள வைத்தியர் சாதாரண சளிக்காய்ச்சல் என்று நினைக்கக்கூடும். எனவே இலங்கை போய்வந்ததையும் திரும்பிய திகதியையும் முதல் வசனமாகவே சொல்லுங்கள். பிரித்தானிய அரச வைத்தியசாலைகளில் தமிழ் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்கலாம்.

கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, இரத்தக் கசிவு, கைகால் குளிர்தல், தலைச்சுற்று, பிள்ளையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியும்வரை காத்திராமல் அந்த நேரமே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.