கூழ்ப்பானையும் தலையெழுத்தும்

கல்வராயன் மலையில் கேழ்வரகு மாவைக் கரைத்து இரவில் மூடிவைத்தால், விடியலில் புளித்து நுரைத்து நிற்கும். புளிக்காத நாளில் 'கண்பட்டுவிட்டது' என்பார் சிலர். கள்ளக்குறிச்சிச் சமவெளிக்கு இறங்கினாலும் அந்தப் பேச்சு நம்மை விடுவதில்லை. அதே வாய்தான், வயதுக்கேற்ற வளர்ச்சியின்றி வகுப்பின் முன்வரிசையில் குறுகி அமர்ந்திருக்கும் குழந்தையைக் கண்டு, 'அதன் தலையெழுத்து' என்கிறது. பானையின் கதையும் பிள்ளையின் கதையும் ஒன்றே என்றால் அவர்கள் நம்புவார்களா? ஒன்றேதான்! வரலாற்றைப் புரட்டுவோம்.

பானைக்குள் பெருகுவன பாக்டீரியாவும் ஈஸ்ட்டும். மூளை இல்லை, வாய் இல்லை, சோதிடன் கணித்த சாதகமும் இல்லை. ஆயினும், உணவு உண்டா என்று அளந்து பார்த்த பின்னரே அவை வளர்கின்றன. இட்லரின் படை மிதித்துக்கொண்டிருந்த பாரிசில், 1941ஆம் ஆண்டு, ழாக் மொனோ என்பார் பாக்டீரியாவுக்கு இருவகைச் சர்க்கரையைக் கலந்து ஊட்டினார். ஒன்று தீரும்வரை மற்றொன்றை அவை தொடவில்லை. தீர்ந்ததும் வளர்ச்சி சற்றே நின்றது. அடுத்ததை உண்ணத் தேவையான நொதியை ஆக்கிக்கொண்டபின் மீண்டும் தொடர்ந்தது.

ஈஸ்ட்டின் மறைபொருள் வெளிப்பட்டதோ ஒரு தீவின் மண்ணால். 1964இல் பசிபிக் பெருங்கடலின் ஈஸ்டர் தீவுக்குச் சென்ற கனடாக் குழு மண் மாதிரிகளைத் திரட்டிற்று. அம்மண்ணில் வாழ்ந்த ஒரு பாக்டீரியா, பூஞ்சைகளின் வளர்ச்சியைத் தடுக்கும் பொருளொன்றைச் சுரந்தது. மாண்ட்ரியால் மருந்து ஆய்வுக்கூடத்தில் அதைப் பிரித்தெடுத்த குழுவின் முதன்மையானவர், பஞ்சாபில் பிறந்த சுரேன் சேகல். ராப்பா நூயி என்ற தீவின் பெயரே ராப்பாமைசின் என்று மருந்துக்கு வந்தது. பெயர் தந்த தீவினர்க்குப் பங்கு என்ன வந்தது? மலைமக்களின் அண்டையில் வாழும் நமக்கு இக்கேள்வி உறுத்தத்தான் செய்கிறது.

1980களின் தொடக்கத்தில் அந்த ஆய்வுக்கூடம் மூடப்பட்டது, ஆய்வும் கைவிடப்பட்டது. சேகல் மனம் ஒப்பவில்லை. அந்த நுண்ணுயிரைத் தம் வீட்டுக் குளிர்பெட்டியிலே வைத்துக் காத்தார்! அவர் அதைக் குப்பையில் எறிந்திருந்தால், மேலே சொல்லப்போகும் கதை அன்றே முடிந்திருக்கும்.

1991இல் சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் ஹைட்மன், மோவா, மைக்கேல் ஹால் ஆகிய மூவர், ராப்பாமைசினுக்கு அடங்காத ஈஸ்ட்டுகளைத் தேடிப்பிடித்து, அவற்றின் வழியே 'டார்' என்னும் மரபணுக்களைக் கண்டனர். அதன் பொருள் 1996இல் துலங்கிற்று. உணவு நிறைந்த குடுவையிலேயே, ராப்பாமைசின் பட்ட ஈஸ்ட் பட்டினி கிடப்பதுபோல் சுருண்டது. உணவுச் செய்தியை உயிரணுவுக்கு உரைக்கும் தூதன் டார். மருந்து அத்தூதனின் வாயைக் கட்டிவிட்டது. அமினோ அமிலம் கிடைத்தால் டார் விழித்தெழுந்து 'புரதம் ஆக்கு, வளர்' என ஏவும். கிடைக்காவிடில் அடங்கும், உயிரணு தன் உறுப்புகளையே செரித்து உயிர்பிழைக்கும்.

அத்தூதன் மனித உடலிலும் உண்டென 1994இலேயே கண்டனர். 2016இல் ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டுச் சிற்றூர்க் குழந்தைகளின் இரத்தத்தை ஆய்ந்தபோது, வளர்ச்சி குன்றிய பிள்ளைகளிடம் உணவால் மட்டுமே கிடைக்கும் அமினோ அமிலங்கள் ஒன்பதும் குறைந்திருந்தன. தானியத்தில் அவற்றுள் லைசின் குறைவு; பருப்பிலும் முட்டையிலும் பாலிலும் அது மிகுதி. முன்வரிசைப் பிள்ளையின் தட்டில் இவற்றுள் எது விழுகிறது என்று, தலையெழுத்து பேசுவோர் எட்டிப் பார்த்ததுண்டா?